டெல்டா ரோட்டுக்கும் ஆற்றங்கரைக்கும் எந்த எம்டிபி டயர்?

கல்லணையில் ஆரம்பித்து கோடியக்கரை வரைக்கும் ஓட்டினாலும் ஏறுவதற்கு ஒரு மேடு கிடையாது. ஆனால் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் கியர் சைக்கிள் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது எம்டிபிதான் (மலைப் பாதைக்கான மவுன்டன் பைக்). பாறைக்கும் வேருக்கும் அமைத்த பெரிய பட்டன் டயரோடு அது வருகிறது. தார் ரோட்டில் அந்த டயர் ‘உர்ர்’ என்று இரைச்சல் போடும், காலை இழுக்கும், பின் சக்கரத்தின் நடுப்பட்டன் சீக்கிரமே தேய்ந்து மொட்டையாகும். டயர் மாற்றும்போது மறுபடியும் அதே மாதிரி பட்டன் டயரை வாங்கிப் போடுவதுதான் பலரும் செய்கிற தவறு. இந்த மண்ணில் டயரைச் சோதிப்பது முள், தார், களிமண் மூன்றும்தான். பட்டன் உயரம் அதற்கெல்லாம் பிறகு.

முதலில் அளவு, ஏனென்றால் கடையில் அதிகம் குழப்பம் வருவது இங்கேதான். ‘26 டயர்’ என்று மட்டும் கேட்டால் வேறு ரிம்முக்கான டயரைக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. எம்டிபியின் 26 இன்ச் ரிம் 559 மில்லிமீட்டர். லேடீஸ் சைக்கிளில் வரும் 26 × 1⅜ டயரின் ரிம் 590. இரண்டும் ‘26’ தான், ஒன்றின் டயர் மற்றொன்றில் உட்காராது. 27.5 என்றால் 584, 29 என்றால் 622. பழைய 28 × 1½ உயர சைக்கிளின் 635 ரிம்முக்கு எம்டிபி டயரே கிடையாது. பழைய டயரின் பக்கச்சுவரில் 54-559 என்பது போல இரண்டு எண் அச்சிட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மின் விட்டம். இரண்டாவது எண் அச்சாக ஒத்துப்போக வேண்டும். முதல் எண்ணில் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம்.

அகலம் எவ்வளவு வேண்டும்? டெல்டாவுக்கு 2.0 முதல் 2.1 இன்ச். ரோட்டுக்குப் போதும் என்று 1.5 இன்ச் வாங்குகிறவர்கள் உண்டு. வெண்ணாற்றங்கரையில் மாட்டு வண்டித் தடத்தில் இறங்கினால் அது சிக்கிக்கொள்ளும், குழியில் இடித்தால் ரிம்மில் டியூப் நசுங்கி இரட்டைப் பல் பதிந்த மாதிரி ஓட்டை விழும். 2.25 இன்ச் ஓட்டுவதற்குச் சுகமாக இருக்கும். ஆனால் மழை மாதத்தில் களிமண் சேர்ந்தால் பின் ஃபோர்க்கில் சக்கரம் சுற்ற இடம் இருக்காது. வாங்கும் முன் பெடலுக்குப் பின்னால் சட்டத்தின் இரு கம்பிகள் நெருங்கி வரும் இடத்தை அளந்து பாருங்கள். டயருக்கு இரு பக்கமும் குறைந்தது 6 மில்லிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். படுகையில் ஓட்டுபவர்களுக்கு 10 வேண்டும்.

இனி டயர்கள். பெயர் பார்த்து வாங்குவதைவிட நடுப்பகுதி எப்படி இருக்கிறது என்று பார்த்து வாங்குவதுதான் முறை. நடுவில் மொழுமொழுவென்று, ஓரத்தில் மட்டும் பட்டன் உள்ளது ஒரு வகை. நடுவில் நெருக்கமான கட்டைகள் தொடர்ச்சியாக ஓடி, ஓரத்தில் இடைவெளி விட்ட பட்டன் உள்ளது இன்னொரு வகை.

முதல் வகையில் பெயர் பெற்றவை கான்டினென்டல் டபுள் ஃபைட்டர் 3, ஷ்வால்பே ஹரிகேன். டபுள் ஃபைட்டர் 26 × 1.9, 27.5 × 2.0, 29 × 2.0 அளவுகளில் வருகிறது. தார் ரோட்டில் இரண்டுமே அருமை. தஞ்சாவூர்–கும்பகோணம் போல நல்ல தார் போட்ட பாதையில் பட்டன் டயரிலிருந்து மாறினால் முதல் கிலோமீட்டரிலேயே வித்தியாசம் தெரியும். இரைச்சல் அடங்கிவிடும், எதிர்காற்றில் ஒரு கியர் கூட்டியே மிதிக்கலாம். ஹரிகேனின் ஓரப் பட்டன் நல்ல திடம், திருப்பத்தில் மடங்காது. காய்ந்த செம்மண்ணிலும் (வல்லம், ஒரத்தநாடு பக்கம் கிடைக்கும் சரளை கலந்தது) இரண்டும் தடுமாறாமல் ஓடும்.

குறை எங்கே என்றால், ஓரப் பட்டன் தரையைத் தொடுவது சைக்கிள் சாயும்போதுதான். நேராகப் போகும்போது தரையில் இருப்பது வழுவழுப்பான நடுப்பட்டை மட்டும். டெல்டாவில் ஏற்றம் என்று சொல்ல இருக்கிற ஒரே இடம் வயல் மட்டத்திலிருந்து ஆற்றங்கரை மேல் ஏறும் சிறு சரிவு. மார்கழிப் பனியில் அந்தச் சரிவு ஈரமாக இருக்கும்போது எழுந்து நின்று மிதித்தால், நடுப்பட்டை களிமண் மேல் சுழலும், சைக்கிள் நகராது. உட்கார்ந்தபடியே, எடையைப் பின் சக்கரத்தில் வைத்து, சின்னக் கியரில் ஏறினால் ஏறிவிடும். பிரேக்கும் அப்படித்தான்: ஈரக் களிமண்ணில் நேராக இறங்கும்போது முன் பிரேக்கை அழுத்தினால் முன் சக்கரம் வழுக்கும்.

இரண்டாம் வகையில் ஷ்வால்பே ஸ்மார்ட் சாம், அதன் தடித்த பதிப்பான ஸ்மார்ட் சாம் பிளஸ், 26 இன்ச் சைக்கிளுக்கு லேண்ட் குரூசர். டெல்டாவில் ஒரே ஜோடி டயரில் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றால் இந்த வகையைத்தான் சொல்வோம். ஸ்மார்ட் சாமின் நடுக் கட்டைகள் நெருக்கமாக இருப்பதால் தாரில் கிட்டத்தட்ட முதல் வகை போலவே உருளும். கொஞ்சம் இரைச்சல் உண்டு, அது தொந்தரவாகத் தெரியாது. அதே கட்டைகளுக்கு விளிம்பு இருப்பதால் ஈரச் சரிவில் பிடிப்பு கிடைக்கும். லேண்ட் குரூசரின் நடுவில் தொடர்ச்சியான வரம்பு ஓடுகிறது. நடை ஸ்மார்ட் சாமைவிடச் சற்றுக் கனம், ரப்பர் கெட்டி, விலை குறைவு. தினம் வேலைக்கும் ஞாயிற்றுக்கிழமை கரைக்கும் போகிற பழைய 26 இன்ச் எம்டிபிக்கு அது நிறைவான டயர்.

முன்னால் ஸ்மார்ட் சாம், பின்னால் ஹரிகேன் என்று கலந்து போடுவதும் நல்ல யோசனைதான். பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன் சக்கரம் வழுக்கினால் கீழே விழுவோம். அதனால் அதிகப் பிடிப்பு முன்னால் இருக்கட்டும். தேய்வதும் இழுப்பதும் பின் டயர் என்பதால் உருளும் டயர் பின்னால் இருக்கட்டும். இதைத் தலைகீழாகப் போட்டுவிடாதீர்கள்.

உள்நாட்டு டயர்களை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. லூதியானாவின் ரால்சன், ரால்கோ, மெட்ரோ, ஐதராபாத்தின் ஹார்டெக்ஸ் ஆகியவை 26 இன்ச்சில் நடுவரம்பு வைத்த டயர் போடுகின்றன. வெளிநாட்டு டயர் ஒன்றின் விலைக்கு இவற்றில் ஒரு ஜோடியே வாங்கி மிச்சமும் இருக்கும், சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். ரப்பர் கெட்டியாக இருப்பதால் நாள்பட உழைக்கும். ஈரத் தாரில் பிடிப்பு சற்றுக் குறைவு, எடை அதிகம். வாங்கும்போது டயரைத் தரையில் படுக்க வைத்து வட்டம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் மடித்துக் கட்டித் தொங்கவிட்ட டயரில் ஓரக் கம்பி வளைந்திருந்தால், ரிம்மில் போட்ட பிறகும் ஒரு இடத்தில் தூக்கித் தூக்கி ஓடும். வெயில் படும்படி வாசலில் மாட்டியிருந்ததை வாங்காதீர்கள். அப்படி இருந்த டயரின் பக்கச்சுவரைக் கட்டைவிரலால் மடக்கினால் நுண்ணிய வெடிப்பு தெரியும்.

அடுத்தது முள். டெல்டாவில் டயர் பற்றிப் பேசினால் பாதி நேரம் முள்ளைப் பற்றித்தான் பேச வேண்டும். நெருஞ்சியும் சீமைக் கருவேலமும் இரண்டு தனிப் பிரச்சினைகள். கோடையில் கரை ஓரத்திலும் கொள்ளிடப் படுகையிலும் கிடக்கும் நெருஞ்சிக் காய் சிறியது, ஆனால் ஒரே நேரத்தில் பத்து இடத்தில் குத்தும். கருவேல முள் நீளம். வேலி கழித்துப் போட்ட கிளையிலிருந்து ஒன்று நிமிர்ந்து நின்றால் டயரைத் துளைத்து டியூபின் மறுபக்கம் வரைக்கும் போகும். வேதாரண்யம் பக்கம் போனால் பனங்கருக்கு வேறு. அது குத்தாது, டயரின் சுவரை அறுக்கும்.

டயருக்குள் இருக்கும் தடுப்புப் பட்டைகளை இந்த முட்களை வைத்தே மதிப்பிட வேண்டும். லேண்ட் குரூசரில் வரும் கே-கார்ட் ஒரு மெல்லிய, கெவ்லார் இழை கலந்த அடுக்கு. கண்ணாடித் துண்டுக்கும் மேலோட்டமாகக் குத்தும் நெருஞ்சிக்கும் அது போதும். ஸ்மார்ட் சாம் பிளஸில் உள்ள கிரீன்கார்ட் 3 மில்லிமீட்டர் ரப்பர் அடுக்கு. நெருஞ்சி முள் அதைத் தாண்டி டியூபைத் தொடுவது அரிது. ஷ்வால்பேயின் இன்னொரு டயரான மாரத்தான் பிளஸில் உள்ளது 5 மில்லிமீட்டர். கருவேலத்துக்குக்கூட அது பெரிய அளவில் தாக்குப்பிடிக்கும். ஆனால் ஒரு டயரே ஏறக்குறைய ஒரு கிலோ எடை, மிதிக்கும்போது மந்தமாக இருக்கும், ரிம்மில் ஏற்றுவதும் சிரமம். தினமும் முள்வேலிப் பாதையில்தான் பள்ளிக்கோ வேலைக்கோ போக வேண்டும் என்பவருக்கு அது சரி. மற்றவர்களுக்கு ஸ்மார்ட் சாம் பிளஸ் போதும். ஹரிகேனிலும் சாதாரண ஸ்மார்ட் சாமிலும் பதிப்புக்குப் பதிப்பு பட்டை மாறுகிறது. பெயரை மட்டும் பார்க்காமல் பக்கச்சுவரில் என்ன கார்ட் என்று எழுதியிருக்கிறது என்பதைப் படித்து வாங்குங்கள். எந்தப் பட்டையும் இருப்பது டயரின் நடுப்பகுதியில்தான். சுவரில் குத்தும் முள்ளை இவற்றில் எதுவும் நிறுத்தாது.

முள் குத்திய உடனே பஞ்சர் ஆவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பட்டையில் நின்றுவிட்ட முள், சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். அதனால் கரைப் பக்கம் போய் வந்த அன்றைக்கே சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, குத்தி நிற்கும் முள்ளைப் பிடுங்கிவிட வேண்டும். கருவேல முள் பெரும்பாலும் முனை ஒடிந்து டயருக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. பஞ்சர் ஒட்டி ஓட்டினால் கொஞ்ச தூரத்தில் அதே இடத்தில் மறுபடியும் காற்று இறங்கும். டியூபைக் கழற்றியதும் டயரின் உட்புறம் முழுக்க ஒரு சின்னப் பஞ்சுருண்டையைத் தடவிக்கொண்டு போங்கள். முள் முனை இருக்கும் இடத்தில் பஞ்சு இழை மாட்டி நிற்கும். நகவெட்டியாலோ சிறு குறடாலோ உள்ளிருந்து இழுத்தால் வந்துவிடும். விரலால் தடவித் தேடினால் விரலில் குத்தும்.

டியூபுக்குள் ஊற்றும் சீலன்ட் (சின்ன ஓட்டையைத் தானே அடைக்கும் பசை) நெருஞ்சிக்கு நல்ல மருந்து. ஊற்ற வேண்டுமானால் வால்வின் உள்பகுதியைக் கழற்ற முடிய வேண்டும், மோட்டார் சைக்கிள் வால்வு வைத்த டியூபில் அது முடியும். இந்த ஊர் வெயிலில் சில மாதங்களில் உள்ளே காய்ந்து திரளும். பிறகு மறுபடியும் ஊற்ற வேண்டும். ஊற்றிய டியூபில் ஓட்டைப் பெரிதானால் ஒட்டுப் போடுவது கடினம், கசியும் பசையில் சொல்யூஷன் பிடிக்காது. டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைக்கும் பிளாஸ்டிக் லைனரைவிட இது மேல். லைனரின் முனை நாளடைவில் டியூபையே உரசி ஓட்டை போட்டுவிடும். லைனர் வைத்தே ஆக வேண்டுமென்றால் இரு முனைகளையும் கத்தரியால் வட்டமாக வெட்டி, உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வையுங்கள்.

களிமண்ணுக்கு எந்த டயரும் முழுத் தீர்வு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்துகொண்டிருக்கும்போது சேறு தண்ணீராக இருப்பதால் டயரிலிருந்து வழிந்துவிடும். மழை விட்டு ஓரிரு நாளில் பாதி காய்ந்த வண்டல்தான் மோசம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு படை ஏறும், பிரேக்கையும் மட்கார்டையும் அடைத்துச் சக்கரத்தையே பூட்டிவிடும். அகல இடைவெளி விட்ட பெரிய பட்டன் டயர் மண்ணைக் கொஞ்சம் உதறும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சில வாரங்களுக்காக வருடம் முழுக்க தாரில் அதை இழுக்க வேண்டியதில்லை. அந்த நாட்களில் கரையை விட்டுத் தாரில் ஓட்டுவதே நல்லது. போகத்தான் வேண்டும் என்றால் டயரை ஒட்டியிருக்கும் முழு மட்கார்டைக் கழற்றிவிட்டு, உயரமாக நிற்கும் கிளிப் மட்கார்டு மாட்டுங்கள். சக்கரம் கனக்க ஆரம்பித்ததும் இறங்கி ஒரு குச்சியால் சுரண்டிவிடுங்கள். மிதித்தே தள்ளப் பார்த்தால் பின்னால் கியரை மாற்றும் கருவி (டெரெய்லர்) சட்டத்தில் மாட்டி ஒடிந்துபோகும். வீடு வந்ததும் பம்புசெட் தண்ணீரில் கழுவலாம், சக்கரத்தின் அச்சுப் பகுதியில் மட்டும் வேகமாகப் பீய்ச்ச வேண்டாம்.

தை மாத அறுவடையில் வேறு இரண்டு ஆபத்து. அறுவடை இயந்திரம் வயலிலிருந்து ஏறி வரும்போது தார் ரோட்டில் களிமண் கட்டிகளை உதிர்த்துவிட்டுப் போகும். விடியற்காலைப் பனியில் அது சோப்பு தடவினது போல இருக்கும். ரோட்டில் காயப்போட்ட நெல் மேலோ வைக்கோல் மேலோ எந்த டயருக்கும் பிடிப்பு கிடையாது. வைக்கோல் கியரில் சுற்றிக்கொள்ளும், நெல் சக்கரத்துக்கு அடியில் உருளும். அது ஒரு விவசாயியின் பாடு, அதன் மேல் ஏற்றக் கூடாது என்பதற்கு அதுவே முதல் காரணம். வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலைத் திருப்பாமல் ஓரமாகக் கடந்துவிடுங்கள்.

எவ்வளவு நல்ல டயர் வாங்கினாலும் காற்று தவறினால் பணம் வீண். பஞ்சர் கடையில் விரலால் அமுக்கிப் பார்த்து ‘கல்லு மாதிரி’ ஆகும் வரை அடிப்பார்கள். 2 இன்ச் டயருக்கு அது மிக அதிகம். குழியில் சைக்கிள் துள்ளும், மண்ணில் நடுப்பட்டை மட்டுமே தொடும். லாரிக்கு அடிக்கும் கம்பிரசரில் ஓரிரு விநாடி அதிகமானால் டியூப் வெடித்துவிடும். மானி வைத்த கால் பம்பு ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். 70 கிலோ எடை உள்ளவர், 2.0 அல்லது 2.1 டயர் என்றால், முழுத் தார்ப் பயணத்துக்குப் பின்னால் 45 பிஎஸ்ஐ, முன்னால் 40. தாரும் கரையும் கலந்தால் 35, 32. ஈரக் கரைக்கும் மணலுக்கும் 30, 27. எடை 90 கிலோவைத் தொட்டால் எல்லாவற்றிலும் 5 கூட்டிக்கொள்ளுங்கள். டயரின் சுவரில் குறைந்தபட்சம் என்று எழுதியிருப்பதற்குக் கீழே இறக்க வேண்டாம், அங்கே 30 என்று இருந்தால் 30 தான். முதல் வகை டயரில் இன்னொரு ஆதாயம் உண்டு. காற்றைக் குறைத்தால் டயர் தட்டையாகி ஓரப் பட்டன் நேராகப் போகும்போதே தரையைத் தொடும். ஹரிகேன் வழுக்குகிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் 50க்கு மேல் அடித்திருப்பார்கள்.

வெயிலும் கணக்கில் வரும். காலை 27 டிகிரியில் 45 பிஎஸ்ஐ அடித்த டயர், சித்திரை மதியத்தில் வெயிலில் நின்று 60 டிகிரி சூடானால் 51க்கு மேல் போய்விடும். அதிகபட்சத்தை ஒட்டி அடித்துவிட்டு வெயிலில் நிறுத்துகிறவர்களின் பழைய டியூப் நிழலில் இருக்கும்போது வெடிக்காமல் வெயிலில் வெடிப்பதற்கு இதுதான் காரணம்.

சைக்கிளில் இன்னும் வால் டியூப் போடும் பழைய வால்வு இருந்தால், டயர் மாற்றும்போதே மோட்டார் சைக்கிள் வால்வு வைத்த டியூபுக்கு மாறிவிடுங்கள். பழைய வால்வில் மானி சரியான அளவைக் காட்டாது. ரிம்மின் ஓட்டை இரண்டுக்கும் அநேகமாக ஒன்றேதான்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். ரிம்முக்குள் கம்பி முனைகளை மூடும் பட்டை விலகியிருந்தால் புது டயரிலும் உள்பக்கமாகப் பஞ்சர் ஆகும். கடற்கரைப் பக்கம் உப்பில் கம்பி முனை துருப்பிடித்து அந்தப் பட்டையைக் குத்தியிருக்கும், அதையும் பாருங்கள். சுவரில் உள்ள அம்புக்குறி சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் பக்கம் இருக்க வேண்டும். டியூபை வட்டம் வரும் அளவுக்கு ஊதி, முகப்பவுடர் தடவி வையுங்கள். டயரின் ஓரத்தை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆரம்பித்து வால்வில் முடிக்க வேண்டும், ஏற்கெனவே ஏறிய பகுதியை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசித் துண்டு கையாலேயே ஏறிவிடும். ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பினால் டியூபைக் கடித்துவிடும். 20 பிஎஸ்ஐ அடித்து நிறுத்தி, சுவரில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் காற்றை இறக்கி, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி மறுபடியும் அடித்தால் ‘டொப்’ என்று உட்காரும். கடைசியாக, வி-பிரேக் கட்டை புது டயரின் சுவரில் உரசாமல் ரிம்மில் மட்டும் படுகிறதா என்று ஒரு தரம் பிடித்துப் பாருங்கள். அகலம் மாறிய டயரில் இதைப் பார்க்காமல் விட்டால் ஒரு வாரத்திலேயே சுவர் அறுந்து டியூப் வெளியே பிதுங்கும்.